சைடு டிரம்மின் வில்லை

பிப்ரவரி 23, ஞாயிறு

சைடு டிரம்மின் பக்கவாட்டில் ஒரு இடம் மட்டும், பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, நிறம் மங்காமல் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் பழுத்த வெள்ளை. அந்த வட்டம் மட்டும் சிப்பியின் உள்பக்கம் போலப் பளிச்சென்று இருக்கிறது. அதன் நடுவில் ஒரு துளை. மற்ற மூன்று டிரம்களிலும் அதே இடத்தில் வட்டமான பித்தளை வில்லை பதித்திருக்கிறார்கள். இதில் மட்டும் இல்லை.

டிரம் செட்டைச் சீலன் மாமா லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அவர் அப்பாவின் இசைக்குழுவில் கீபோர்டு வாசிப்பவர். அப்பா இறந்து இன்றோடு முப்பத்தெட்டு நாள். காணும் பொங்கல் கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போது விழுந்தவர், எழுந்திருக்கவில்லை.

செட் தாத்தா வழியாக அப்பாவுக்கு வந்தது. தாத்தா கொடைக்கானலில் ஒரு கிளப்பில் வேலை பார்த்தார். அங்கே வாசித்த வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தாராம். பேஸ் டிரம், பெரிய டாம், சின்ன டாம், சைடு டிரம், மூன்று சிம்பல் தட்டுகள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அடுத்த ஞாயிறு பார்க்க வருகிறார். பழைய வாத்தியங்களை விலைக்கு எடுப்பவர்.

அம்மா சொன்னாள்: "ஒரு லட்சத்துக்கு மேல போச்சுன்னா கிரைண்டர் வாங்கி மாவு வியாபாரம் போடலாம், நீ கூடமாட இருந்துக்க. கீழ போச்சுன்னா பங்குனி முடியுறதுக்குள்ள கோமளாகூட பஞ்சு மில்லுக்கு வண்டி ஏறு. மூணு வருசம்."

நான் தலையாட்டினேன்.

இது அப்பாவின் டைரி. கச்சேரி தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறார். நத்தம், அய்யலூர், சாணார்பட்டி. நடுநடுவே சில தேதிகளில் 'ப.' என்று மட்டும் இருக்கிறது. பாக்கி வசூல் என்று நினைக்கிறேன். மிச்சப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மூன்று தட்டுகளையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். நான்கு மணி நேரம். கறுப்பெல்லாம் போய் முகம் தெரிகிறது. அம்மா வந்து பார்த்து, "பரவாயில்லையே" என்றாள். அம்மா என்னை அப்படிச் சொல்வது அபூர்வம்.

மார்ச் 2, ஞாயிறு

ராம்பிரகாஷ் என்பவர் காரில் வந்தார். கையில் வெள்ளைத் துணி உறை போட்டுக்கொண்டார். ஒவ்வொரு டிரம்மாகத் தோலைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். விரல் கணுவால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். பிறகு துளைகளை எண்ணினார். அப்பா மைக் மாட்ட ஓட்டை எதுவும் போடவில்லை என்பதில் அவருக்கு மகிழ்ச்சி.

"அறுபது வருசத்துச் சாமானுங்க. மரம் துளிகூட வளையலை பாருங்க. வாசிச்சவர் கை சுத்தம்."

"கைதான் சுத்தம்" என்றாள் அம்மா.

கடைசியாகத் தட்டுகள் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இதைத் தேச்சது?"

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அம்மா என்னைக் காட்டினாள்.

"ஏங்கண்ணு, இதுல கம்பெனி பேரு மையில அச்சடிச்சிருந்திருக்குமே. அது எங்கே? அந்தக் கறுப்பு எப்படி ஏறுச்சுன்னு நினைச்சே? அறுபது வருசம் ஏறுன கறுப்பு. அதுக்குத்தான் விலை. இப்ப இது வெறும் தாம்பாளம்."

"அழுக்குக்கா சார் காசு?" என்று அம்மா சிரித்தாள்.

"அழுக்குக்குத்தாங்க. முப்பதாயிரம் போட்டிருப்பேன். இனி எடைக்குத்தான்."

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

அவர் சைடு டிரம்மை மடியில் வைத்துக்கொண்டார். நான் பார்த்த அதே வட்டத்தில் விரலை வைத்தார். "இதுலதாங்க எல்லாமே இருக்கு. மத்த மூணுலயும் வில்லையில நம்பர் பாருங்க. 4471, 72, 73. இதுல 74 இருந்துச்சுன்னா நாலும் ஒரே வயித்துப் பிள்ளைங்கன்னு கண்ணை மூடிட்டு எடுத்துக்குவேன். ஒரு லட்சத்து நாப்பது தருவேன். வில்லை இல்லேன்னா, எங்கிருந்தோ வந்து ஒட்டுனதுன்னு சொல்லிருவாங்க. அம்பத்தஞ்சுக்கு மேல என்னால முடியாதுங்க."

"தானா விழுந்திருக்குமா சார்?"

"விழாதுங்க. யாரோ குறடு வெச்சுப் பதமா நெம்பி எடுத்திருக்காங்க. மரத்துல கீறல்கூட இல்லை பாருங்க. ஆசையா எடுத்திருக்காங்க."

பதினாறாம் தேதி மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் அம்மா எனக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றவில்லை. தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு புளி உருண்டையை வைத்தாள். "தின்னு. பளபளன்னு ஆயிருவ" என்றாள். நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவின் பெட்டி, சட்டைப் பைகள், ஸ்டிக் வைக்கும் உறை, பரண், சாமி படத்துக்குப் பின்னால். வில்லை இல்லை. பல் இன்னும் கூசுகிறது.

மார்ச் 6, வியாழன்

கோமளா அக்கா வந்தார். மில்லுக்கு ஆள் சேர்ப்பவர். என்னைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி உயரம் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். மாதம் சரியாக வருகிறதா என்று அம்மாவிடம் கேட்டார். வீசிங் இருக்கிறதா என்று முதுகில் காது வைத்துக் கேட்டார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கு?"

"ஒம்பதுல நின்னுருச்சு. டீச்சர் எந்திரிச்சு வாசின்னா வாய் வராது. புள்ளைக எல்லாம் டெஸ்க்ல தாளம் போட்டுச் சிரிச்சிருக்காளுக. போகமாட்டேன்னு உக்காந்துட்டா."

"இப்பவும் பேசாதா?"

"கேட்டாத் தலையாட்டும்."

"அப்ப நல்லது பஞ்சு. பேசுற புள்ளைங்கதான் மில்லுல தொல்லை."

கோமளா அக்கா என் தாடையைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனார். அம்மாவின் முழுப்பெயர் பஞ்சவர்ணம். இங்கே எல்லோரும் பஞ்சு என்பார்கள். பஞ்சு மில்லுக்குப் பஞ்சு மகள் என்று சொல்லி இரண்டு பேரும் வாசலில் நின்று சிரித்தார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

சீலன் மாமா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடையில் கூட்டம் போகும்வரை வெளியே நின்றேன். கூட்டம் போக ஒரு மணி நேரம் ஆனது. கேட்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன்.

படித்துவிட்டு என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்கம்மா கேக்கச் சொல்லுச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பாப்பா, அது டிரம்முல இல்லை. ஒரு கழுத்துல கெடக்கு."

சொல்லும்போது கையிலிருந்த ஸ்குரூடிரைவரைத் திருகிக்கொண்டே இருந்தார். நிலக்கோட்டையில் பூ கட்டுகிற பெண். பெயர் பவுனு. ஒன்பது வருடமாக. ஒரு கோயில் கச்சேரிக்குப் போன இடத்தில், அப்பாவின் கையில் தங்கம் வாங்கக் காசில்லை. மேடைக்குப் பின்னால் குறடு வாங்கி வில்லையைக் கழற்றியிருக்கிறார். வில்லையின் நடுவில்தான் துளை இருக்கிறதே. மஞ்சள் கயிற்றில் கோத்து அங்கேயே கட்டியிருக்கிறார். "நான்தான் பாப்பா குறடு குடுத்தேன். பேருதான் பவுனு, கழுத்துல பித்தளைன்னு அன்னைக்கு நாங்க எல்லாரும் கேலி பண்ணோம். அதுவும் சேர்ந்து சிரிச்சுச்சு."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கு இன்னும் தெரியாது, உங்கப்பா போனது. சீசன்ல அவன் மாசக்கணக்கா போகமாட்டான். அதனால தேடலை. நான் ரெண்டு தடவை நம்பர் போட்டேன். ரிங் போகுறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். நீ எப்படியும் போவேல்ல? நீயே சொல்லிரு. பொம்பளப் பிள்ளை சொன்னாத் தாங்கிக்குவாங்க."

கடையை விட்டு இறங்கும்போது எனக்கு ஒரு டெம்பர் கிளாஸ் சும்மா கொடுத்தார். என்னிடம் போன் கிடையாது.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது.

மார்ச் 10, திங்கள்

அம்மா மாவு அரைத்துக்கொண்டே சொன்னாள்: "வெளியூருலயும் பழைய பித்தளைக் கடை இருக்கும். நிலக்கோட்டைப் பக்கம்கூட இருக்காம்." பேருந்துக்கு நூறு ரூபாயை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 12, புதன்

என்னிடம் நல்ல உடை ஒன்றுதான். தீபாவளிக்கு அப்பா எடுத்து வந்த பச்சைச் சுடிதார். அதைப் போட்டுக்கொண்டேன்.

பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். 'அப்பா செத்துட்டாங்க.' ஒவ்வொரு முறையும் 'அப்பா'விலேயே நின்றது.

பூக் கமிஷன் கடைகளுக்குப் பின்னால் ஓட்டு வீடு. விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் ஈரச் சாக்கில் மல்லிகையைக் குவித்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நார் கையிலிருந்து விழுந்தது.

"ஆத்தாடி, சாரு! நீ சாருதான தாயி? அப்படியே அவரு மூக்கு."

கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் உட்காரவைத்தாள். மாநிறம். அம்மாவைவிட இளையவள் இல்லை, அழகும் இல்லை. சிரிக்கும்போது மட்டும் வேறு மாதிரி இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு. இரண்டு சிவப்பு மணிகளுக்கு நடுவில் வில்லை.

"பச்சை உனக்கு எடுக்கும்னு சொன்னேன்ல. அந்த மனுசன் ரோசு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. கடையில சண்டை போட்டு நான் எடுத்துக் குடுத்தது. தையல் சரியா இருக்கா? அக்குள்ல பிடிக்குதா?"

பிடிக்கவில்லை என்று தலையாட்டினேன்.

இட்லி வைத்தாள். நான் சாப்பிடுவதை அவளும் எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். அப்பா மாத்திரை போடுகிறாரா, இடது தோள் வலி எப்படி, வேனில் வரும்போது மப்ளர் கட்டுகிறாரா. எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். அப்பாவுக்குத் தோள் வலி இருந்தது எனக்குத் தெரியாது.

"போனு போட்டா ஆஃப்புன்னே வருது. தொலைச்சுட்டாரா?"

அதற்கும் தலையாட்டினேன்.

"உன்னையப் பத்தித்தான் எப்பவும் பேச்சு. எம்மக வாயைத் திறந்தாள்னா என்னைவிடத் தாளம் சுத்தமா இருக்கும்பாரு. வீட்டுல தனியா இருக்கும்போது நீ பாடுறத ஒருநாள் வாசல்ல நின்னு கேட்டாராம். உள்ள வந்தா நீ நிறுத்திருவியோன்னு அப்படியே நின்னாராம்."

அப்பா என்னிடம் அப்படி எதுவும் சொன்னதில்லை.

தண்ணீர் குடித்தேன். சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"அப்பா அந்த வில்லைய வாங்கிட்டு வரச் சொன்னாங்க. தங்கத்துல பண்ணப் போறாங்களாம். அளவுக்கு வேணுமாம்."

ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. ஒன்பதாம் வகுப்பில் வராத குரல் முழுசாக வந்தது.

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "ஒம்பது வருசமா வேணாம் வேணாம்னேன். கேக்கமாட்டாரு. கோட்டிக்கார மனுசன்."

எழுந்துபோய் மஞ்சள் கிழங்கு ஒன்றை எடுத்து வந்தாள். தாலியைக் கழற்றினால் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று, முதலில் கிழங்கைப் புதுக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் முடிந்துகொண்டாள். முடிச்சு எட்டவில்லை என்று என்னைப் போடச் சொன்னாள். நான் மூன்று முடிச்சுப் போட்டேன். பிறகுதான் பழைய கயிற்றைக் கழற்றினாள். வில்லை இருந்த இடத்தில், வெயில் படாத தோலில், வட்டமாக ஒரு வெளுப்பு. சைடு டிரம்மில் இருப்பது போலவே. அளவும் அதேதான்.

கண்ணில் ஒற்றி என் கையில் வைத்தாள். சூடாக இருந்தது.

"எப்ப வருவாராம்?"

டைரியில் மார்ச் 28இல் 'ப.' என்று இருப்பது நினைவுக்கு வந்தது. "இருபத்தெட்டாம் தேதி" என்றேன்.

"ஆமா, மார்கழியில போகும்போது அந்தத் தேதிதான் சொல்லிட்டுப் போனாரு. மறக்கலை பாரு." கிளம்பும்போது என் தலையில் இரண்டு முழம் மல்லிகை வைத்தாள். "எல்லாரும் நீ பேசமாட்டேங்கிறாங்க. எவ்வளவு நல்ல குரலு தாயி."

பூவைப் பேருந்து ஜன்னல் வழியே போட்டேன்.

வில்லையை அம்மாவிடம் கொடுத்தபோது அவள் அதை மூக்குக்கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

"மஞ்சளைக் கழுவு. தேச்சுறாத."

தண்ணீரில் மட்டும் அலசினேன். 4474.

மார்ச் 13, வியாழன்

பச்சைச் சுடிதாரைக் கிழித்து நான்கு டிரம்களையும் துடைத்தேன். நல்ல மெத்தென்ற துணி.

அம்மா கேட்டாள்: "என்ன சொல்லி வாங்குன?"

சொன்னேன்.

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் அம்மிக்கல்லைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். "தங்கத்துலயா! அவளும் குடுத்துட்டாளா!" என்று மறுபடி மறுபடி சொல்லிச் சிரித்தாள். அப்பா இறந்த பிறகு இப்படிச் சிரித்ததில்லை. அதற்கு முன்பும் இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டாள். சிக்கு எடுக்கும்போது வலிக்கவே இல்லை. நன்றாக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

ராம்பிரகாஷ் வந்தார். பூதக்கண்ணாடி வைத்து வில்லையை வெகுநேரம் பார்த்தார். விளிம்பும் துளையும் பொருந்துகின்றனவா என்று வைத்துப் பார்த்தார். பொருந்தின.

"பொறந்த இடத்துக்கே வந்திருச்சு" என்றார். பிறகு, "நம்பர் குழியில எல்லாம் மஞ்சளா இருக்கே, என்னங்க இது?" என்று கேட்டார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "சாமிக்கு வெச்சிருந்தோம்."

"அடேங்கப்பா, பேசுது" என்று சிரித்தார். சொன்ன விலையைக் கொடுத்தார். தட்டுகளையும் எடைக்கு எடுத்துக்கொண்டார்.

கார் போன பிறகு அம்மா கோமளா அக்காவுக்குப் போன் செய்தாள். "எம்மக வரலை. வேற பிள்ளையப் பாத்துக்க. இவ எனக்கே வேணும்."

எனக்கே வேணும் என்றாள்.

மார்ச் 20, வியாழன்

கிரைண்டர் வந்தது. டிரம் செட் இருந்த மூலையில் வைத்தோம்.

மார்ச் 28, வெள்ளி

இன்று 'ப.' பன்னிரண்டு கிலோ மாவு விற்றது.

மார்ச் 29, சனி

காலையில் கதவைத் தட்டும் சத்தம். அம்மா பின்கட்டில் கிரைண்டரில் இருந்தாள். நான் திறந்தேன்.

பவுனு நின்றுகொண்டிருந்தாள். தலை நிறையப் பூ. கையில் வாழையிலைப் பொட்டலம். கழுத்தில் மஞ்சள் கிழங்கு வாடிச் சுருங்கியிருந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"நேத்து பூரா பாத்தேன் தாயி, வரலை. ஒடம்புக்கு எதுவும் இல்லையே? உங்கம்மா இருக்காங்களா? நான் உள்ள வரலை. இங்கேயே நின்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிர்றேன்."

எனக்குப் பின்னால் சுவரில் அப்பாவின் படம். நான் வாசலை அடைத்து நின்றேன். உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டேன்:

"அம்மா, பூக்காரம்மா வந்திருக்காங்க."

கிரைண்டர் நின்றது. அம்மாவின் குரல் நிதானமாக, தெருவுக்குக் கேட்கும்படி வந்தது.

"பூ வெக்க இந்த வீட்டுல ஆளில்லைன்னு சொல்லு. எனக்குத் தை மாசத்தோட பூவும் போச்சு, பொட்டும் போச்சுன்னு சொல்லு."

பவுனுவின் கை மஞ்சள் கிழங்குக்குப் போனது. அதை மூடிப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தையே பார்த்தாள்.

"பூ வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.